விடையும் இழப்பும்: டென்மார்க் துப்பறியும் தொடரொன்று எழுப்பும் அறவினா

பிறர் சாவு நமக்குப் பொழுதுபோக்காவது அறமாகுமா? துப்பறியும் கதைகள் அனைத்தின்மீதும் எழுப்பத்தக்க வினா இது. டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஒளிபரப்பிய, சோரன் ஸ்வைஸ்ட்ரூப் உருவாக்கிய ‘ஃபோர்பிரிடெல்சன்’ (குற்றம்) தொடரின் முதற்பருவத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராயலாம்.

இவ்வகைக் கதைமரபில் பிணம் ஒரு புதிர். விடை கிடைத்ததும் இறந்தவர் மறக்கப்படுகிறார். இத்தொடரோ நன்னா என்னும் மாணவியின் கொலையை 20 பகுதிகளில், பகுதிக்கு ஒரு நாளாக விரிக்கிறது. காவல்துறை விசாரணை, கோபன்ஹேகன் மாநகரத் தேர்தல், பெற்றோரின் துயரம் ஆகிய மூன்றும் இணைந்து செல்கின்றன. மூன்றாவதே இதன் அறமையம். இளைய தம்பியர்க்கு அக்காளின் சாவை உணர்த்துதல், இறுதிச்சடங்கு போன்றவை கொலையாளியைக் கண்டறிய உதவுவன அல்ல. ஆயினும் அவையே நம் ஆவலை இழப்பின் முன் காத்திருக்கச் செய்கின்றன.

பகுதிதோறும் புதியவர் ஒருவர்மீது ஐயத்தைக் கிளப்பும் தொடரில் துயரமும் ஆவலைத் தூண்டும் கருவியே எனலாம். இம்மறுப்பு முற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும் தொடரின் முடிவு ஈண்டு நோக்கத்தக்கது. கொலையாளி குடும்பத்தின் நெருங்கிய நண்பன். தந்தையே அவனைச் சுட்டுக் கொல்கிறார். உண்மை வெளிப்பட்டும் அவ்வீடு தந்தையையும் இழக்கிறது. விசாரித்த சாரா லுண்டின் இல்வாழ்வும் சிதைகிறது. நாம் 20 பகுதிகள் வேண்டி நின்ற விடை எவர் துயரையும் ஆற்றவில்லை.

அறிதல் வேறு; ஆற்றுதல் வேறு. பிறர் சாவைக் கதையாகக் காண்பது பிழையன்று. விடையோடு அது முடிந்ததெனக் கொள்வதே பிழை.