ஒரே இடம், ஒரே கோணம், ஒவ்வொரு மாதமும்

செம்பனை ஆலைகளில் வேலை பார்க்கும் தம்பிகளே, தங்கைகளே! ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் தெர்மல் கேமராவை இன்றைக்கே வெளியே எடுங்கள். ஆடிட்டர் வரும் வாரத்தில் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, கண்ணில் பட்ட மோட்டாரையெல்லாம் படம் பிடித்து, ஃபைலில் செருகிவிட்டு மறுபடி பூட்டுவதற்குச் சோதனை என்று பெயரில்லை. அது கண்துடைப்பு. அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் பாய்லர் பக்கத்தில் நிற்கும் உங்கள் தோழர்.

நெகிரி செம்பிலானில் பால் மரம் வெட்டிய தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறி வெகுகாலமாகிறது. போர்ட்டிக்சன் பக்கத்துச் சுவா பெத்தோங் முதல் ஜெம்போலின் செர்த்திங் வரை குலைகள் லோரி லோரியாக ஆலைக்குப் போகின்றன. ஸ்டெரிலைசருக்குள் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், 140 பாகை செல்சியஸ் நீராவியில் குலை வேகிறது. காய்ந்த நாரும் கொட்டை ஓடும் பாய்லருக்கு விறகு. அந்த நார்த்தூசிதான் கேபிள் தட்டிலும் சுவிட்ச்போர்டின் மேலும் படிந்து கிடக்கிறது. உள்ளே ஒரு போல்ட் தளர்ந்தால் இணைப்பில் மின்தடை கூடும், சூடு ஏறும், இன்சுலேஷன் கருகும். நம் கண்ணுக்குப் புகை வந்த பிறகே தெரிவது, கேமராவுக்கு முன்கூட்டியே தெரியும்.

ஆனால் கண்ணால் காண்பதும் பொய் என்பது கேமராவின் கண்ணுக்கும் பொருந்தும். பளபளக்கும் செம்புப் பட்டையைக் குறிவைத்துப் பாருங்கள். திரை 35 பாகை என்று சொல்லும். அதில் பெரும்பகுதி உங்கள் உடம்புச் சூடும் சுற்றுப்புறச் சூடும் பட்டையில் பட்டுத் திரும்பியதுதான். பட்டையோ 70 பாகையில் இருக்கலாம். மெருகேறிய உலோகம் தன் சூட்டை மிகக் குறைவாகவே வெளியே வீசும்; கறுப்பு இன்சுலேஷன் டேப்போ 100க்கு 95 பங்கு வீசும். ஆகவே ஷட்டவுன் நாளில், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்ட பிறகு, சார்ஜ்மேனைக் கொண்டு பட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டச் செய்யுங்கள். அதன் பிறகு எல்லா மாதமும் அந்தத் துண்டைத்தான் பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடும் போர்டின் மூடியைத் திறப்பதும் சார்ஜ்மேன் வேலை. ஆர்வத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

நிறத்தை நம்பியும் ஏமாறாதீர்கள். கேமராவை ஆட்டோவில் விட்டால், படத்துக்குள் எது அதிகச் சூடோ அதைச் சிவப்பாகக் காட்டும். போன மாதச் சிவப்பு 45 பாகை, இந்த மாதச் சிவப்பு 90 பாகை. இரண்டு படமும் பார்வைக்கு ஒன்றுதான். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் நீங்களே வைத்து, அதை மாற்றாதீர்கள்.

லோடைக் குறிக்காத படம் எதற்கும் உதவாது. பழம் குறைந்த மாதத்தில் மோட்டார்கள் இழுக்கும் கரண்ட் குறையும். கரண்ட் பாதியானால் இணைப்பில் பிறக்கும் சூடு கால்வாசியாகிவிடும். அன்று மூன்று முனைகளில் ஒன்று மட்டும் 5 பாகை கூடுதலாகத் தெரிந்து, ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டுப் போனால், முழு லோடில் அதுவே 20 பாகையை நெருங்கும். ஒரே லோடில் ஓடும் ஒத்த பாகங்களுக்கிடையே 15 பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தால் உடனே பழுது பார்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் நேட்டா மின்சோதனை விதி.

ஸ்டோரில் பால் நிறுக்கும் தராசு நாளுக்கொரு மாதிரி ஆடியிருந்தால் நம் தாத்தா பாட்டிமார் சும்மா விட்டிருப்பார்களா? அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும். நிற்கும் இடத்தைத் தரையில் பெயிண்டால் குறியுங்கள். ஆலை ஓடத் தொடங்கிச் சூடு நிலைப்பட்ட பிறகு பாருங்கள். படத்தோடு இயந்திர எண், ஆம்பியர், அறைச் சூடு, நேரம் நான்கையும் எழுதுங்கள். நீங்கள் லீவில் இருக்கும்போது இன்னொருவர் பார்த்தாலும் அதே விடை கிடைக்க வேண்டும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள். பழைய படத்துக்குப் புதுத் தேதி போடாதீர்கள்.

1991 மே 7 அன்று சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்து உயிர்கள் பலியான பிறகே 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. திருத்தப்பட்ட அந்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆபத்தை முன்கூட்டி மதிப்பிடுவது இப்போது முதலாளியின் கடமை. தவறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். உடனடி ஆபத்தைச் சொல்லியும் நடவடிக்கை இல்லையென்றால், அந்த இடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு.

குலை தேங்கினால் எண்ணெயில் அமிலம் ஏறும், நிறுத்த முடியாது என்பார்கள். அந்த நெருக்கடி பொய்யில்லை. ஆனாலும் 15 பாகைக்கு மேல் கண்டதும் எஞ்சினியரிடம் நேரில் சொல்லுங்கள், புத்தகத்தில் எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள். அவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்றால் அந்தப் பதிலையும் தேதி, நேரத்தோடு அதே வரியில் எழுதிவிடுங்கள்.