எழுத்தும் விதியும்

பிறவியிலேயே எழுதப்பட்டுவிட்ட விதியை ஜீவன் அப்படியே அனுபவித்துத் தீர்க்க வேண்டியதுதானா என்ற புராதன வினாவுக்கு, உயிரணுவின் அந்தரங்கத்தில் நிகழும் ஒரு காரியம் சிந்திக்கத்தக்க சாட்சியம் அளிக்கிறது. டி.என்.ஏ.யிலிருந்து பிரதி செய்யப்படும் முதல் ஆர்.என்.ஏ., இடையிடையே உள்ள பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பின்னரே, புரதத்துக்கு ஆதாரமான தூது ஆர்.என்.ஏ.யாகப் பக்குவம் அடைகிறது. 1977-இல் இந்த உண்மையை வெளிப்படுத்திய ஆய்வுகளுக்காக, பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரும் 1993-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்விணைப்பு முறை திசுவுக்குத் திசு வேறுபடக்கூடும் என்பதே இதில் பெரிய விந்தை. ஒரே மரபணு, தைராய்டு சுரப்பியில் இரத்தத்தின் கால்சியத்தைக் குறைக்கும் கால்சிட்டோனின் என்னும் ஹார்மோனையும், நரம்பணுக்களில் இரத்தக் குழாய்களை விரிக்கும் வேறொரு பெப்டைடையும் தோற்றுவிக்கிறது.

இதைக் கொண்டு உயிரணுவுக்குச் சுதந்திர இச்சை உண்டென்று சாதிப்பது பொருந்தாது. வெட்டுவதும் இணைப்பதும் ரசாயன நியதிக்கு உட்பட்டவையே. ஆயினும், மூல எழுத்து ஒன்றே பலனை முற்றாக நிர்ணயிப்பதில்லை, அது வாசிக்கப்படும் சூழலும் பலனில் பங்கு கொள்கிறது என்பது ஸ்பஷ்டமாகிறது. ஆகையால், பிறப்பை மாத்திரம் கண்டு ஒரு மனிதனின் தகுதியைத் தீர்மானிக்கத் துணிபவர்கள், தங்கள் கொள்கைக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைக்காதிருப்பார்களாக.