வழக்காடிய சிவலிங்கம்

அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பத்தூர் என்னும் சிற்றூரில், இடிந்து மண்மூடிக் கிடந்த விசுவநாத சுவாமி கோயிலில் எஞ்சி நின்ற சிவலிங்கம், களவுபோன தன் நடராஜ விக்கிரகத்தை மீட்டுத் தரவேண்டுமென்று லண்டன் உயர்நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றது என்ற செய்தியைப் பத்திரிகைகள் ஒரு விநோதமாகவே வெளியிட்டன. ஆயினும், ஆழ்ந்து நோக்குவார்க்கு அது சமய தத்துவத்தின் மையத்தையே தொடும் ஒரு வினாவாக விளங்கும்.

1976-இல் மண்ணைத் தோண்டிய ஒரு கூலியாளின் கையில் அகப்பட்ட அந்த விக்கிரகம், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. கைமாறிக் கைமாறிக் கடல் கடந்த அதனை, 1982-இல், கனடா நாட்டு பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் கம்பெனி, களவுப் பொருளென்று அறியாமல் இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கிற்று. பிரிட்டிஷ் மியூசியத்தில் செப்பனிடுவதற்காக இருந்த அதனைப் போலீசார் கைப்பற்றவே, கம்பெனி வழக்குத் தொடுத்தது. எதிரே இந்திய அரசும், தமிழ்நாட்டு அரசும், கோயிலும், கோயிலின் பொருட்டு நின்ற தக்காரும், இவர்களோடு சிவலிங்கமும் உரிமை கொண்டாடின.

கல் வழக்காடுவதா என்று வியந்தோர் பலர். கம்பெனி வழக்காடுவதைக் கண்டு வியந்தோர் ஒருவருமில்லை. ஆனால் கம்பெனியின் திருமுகத்தைக் கண்டவர் யார்? பங்குதாரர் வேறு, கம்பெனி வேறு என்பதை 1896-லேயே ஆங்கிலப் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் நிலைநாட்டிவிட்டமையால், உடலும் உயிருமில்லாத அந்த நபருக்கு உலகம் பழகிப்போயிற்று. நம் முன்னோருக்கோ தெய்வம் சொத்துடையதென்பது அதனினும் பழைய பழக்கம்: சோழர் காலத்துச் சிவாலயக் கல்வெட்டுகளில், கோயில் நிலத்தை விற்பதும் வாங்குவதும் ஆதிதாச சண்டேசுவரர் பெயராலேயே நிகழ்கின்றன, அறமோ சந்திரசூரியர் உள்ளவரை நடக்க வேண்டுமென்றே விதிக்கப்படுகிறது.

இவ்விரு நபர்களும் சட்டத்தின் கற்பனைகளே என்று சமப்படுத்துவாரோடு நான் உடன்படுவதற்கில்லை. வணிகக் கம்பெனி முதலிட்டவனின் பொறுப்பைப் பங்குத் தொகையளவில் நிறுத்துவதற்காக ஏற்பட்ட நபர். பிரதிஷ்டை செய்யப்பட்ட மூர்த்தியோ, கொடுத்தவனின் கடமையை அவன் மரணத்துக்கு அப்பாலும் நீட்டுவதற்காக ஏற்பட்ட நபர். 1988-இல் தீர்ப்பளித்த லண்டன் நீதிபதி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலமளித்துக் கோயிலெடுத்த அந்தப் பெயரறியாப் பெரியோரின் பக்தி சங்கற்பம் இன்னும் மறையவில்லை என்றும், எஞ்சியுள்ள சிவலிங்கமே அதற்கு உருவமாக நிற்கிறது என்றும் கண்டார். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கோயிலை நபராகக் கொள்ளும் வழக்கம் ஆங்கிலச் சட்டத்தில் இல்லையாயினும், அது பிறந்த நாட்டின் சட்டம் அவ்வாறு கொள்வதை மதித்து, கோயிலின் உரிமையை ஒப்புக்கொண்டது. நடராஜர் தாயகம் திரும்பினார்.

எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு நீதிமன்றம் எதற்கு, அவனைக் களவாடத்தான் யாரால் இயலும் என்று வேதாந்தி வினவலாம். வினா நேரியது, களவு போனது பரம்பொருள் அன்று. நிர்க்குணமாய் நிற்பதற்கு வீடும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஆனால் மனிதன் அன்பு செலுத்துவதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அம்முகத்துக்கு நீராட்டவும், அமுது படைக்கவும், வீதியுலா எழுந்தருளச் செய்யவும் ஓர் ஊர் வேண்டியிருந்தது. திருடன் பிரித்தது அந்த ஊரையும் முகத்தையுமே. ஆகவே அவ்வழக்கில் மீட்கப்பட்டது கடவுளின் உடைமை என்பதைவிட, கடவுளுக்கு மனிதர் கொடுத்த வாக்கு என்பதே பொருந்தும்.

இவ்வாறு கொள்ளும்பொழுது, வழக்கில் வென்றதாக நாம் கொள்ளும் பெருமிதம் சற்றே தலைகுனிய வேண்டியிருக்கிறது. களவுக்கு அஞ்சி நம் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் எத்தனையோ, திருவாரூர் போன்ற ஊர்களின் காப்பகங்களில், பூட்டிய அறைகளுக்குள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. காவல் தேவையே, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், உரிமையுடைய நபர் என்று சட்டத்தால் ஏற்கப்பட்ட ஒருவரை, உடைமைப் பொருளைப் போலப் பட்டியலிட்டுப் பூட்டி வைப்பது, தீர்ப்பின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிடுவதாகும். ஊரார் முறைவைத்துக் காவலிருக்கவும், ஒருகாலப் பூசையேனும் குறையாது நடக்கவும் அரசும் அடியாரும் கூடி வழி செய்யும் இடத்தில்தான் அந்த மூர்த்திகள் மீண்டும் நபராவார்கள்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நிலத்தைக் கொடுத்தவர், இந்த நிலத்தின் விளைச்சல் தெய்வத்தின் விளக்குக்கும் அமுதுக்கும் ஆகுக என்றே எண்ணியிருப்பார். நடராஜரைத் திருப்பி அனுப்பியதோடு லண்டன் நீதிபதியின் கடமை முடிந்தது. எண்ணெயும் திரியும் இட்டு விளக்கேற்றும் கடமை நம்முடையது. அதனை எந்த நீதிமன்றமும் நமக்காகச் செய்ய இயலாது.