திடீர்ச் செல்வமும் திருத்தொண்டும்



லொத்தர்ச் சீட்டு விற்கும் சிறு கூண்டு இல்லாத சந்தியை இன்று காண்பது அரிது. தேசிய லொத்தர் சபை 1963 ஆம் ஆண்டிலும், அபிவிருத்தி லொத்தர் சபை 1983 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது பலருடைய மனத்தில் எழுவது ஒரே எண்ணந்தான். “இது விழுந்தால் நாளைக்கே வேலையை விட்டுவிடலாம்.” மேசன் வேலைக்குப் போகிறவரும் அப்படி நினைக்கிறார், கந்தோரில் இருப்பவரும் அப்படியே நினைக்கிறார். பெரும் பணம் கைக்கு வந்தபின் ஒருவர் உழைக்கத்தான் வேண்டுமா? சைவ சமயத்தில் இதற்கு விடை உண்டு.

லொத்தர் வாங்கலாமா என்பது வேறு கேள்வி. சூதின் தீமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளார். ஆறு இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் ஒருசேரப் பொருந்த வேண்டுமென்றால், 2 கோடி 60 இலட்சத்தில் ஒன்றுதான் பொருந்தும். பிள்ளையின் பால்மாவுக்கு வைத்த காசை அதில் போடுவது பாவம் என்பதில் ஐயமில்லை. இங்கே எடுத்துக்கொள்வது பரிசு விழுந்தவரின் நிலையை.

கன்மம் மூவகைப்படும் என்பது சைவ சித்தாந்தம். முன்பு செய்து சேர்த்து வைத்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறப்பில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்பிறப்பில் புதிதாகச் செய்வது ஆகாமியம். பரிசாக விழுந்த பணம் பிராரத்தம்; அது வந்த வழியை எவராலும் மாற்ற முடியாது. ஆனால் பணம் வந்த மறுநாட் காலையில் எழுந்து என்ன செய்கிறார் என்பது ஆகாமியம். அது அவருடைய கையில் இருக்கிறது. பழைய வினையின் பலனை உண்டுகொண்டு புதிதாக நல்வினை எதுவும் செய்யாதிருப்பவர், விதை நெல்லைச் சோறாக்கி உண்ணும் கமக்காரரை ஒப்பர்.

பெரியபுராணத்தில் திடீர்ச் செல்வம் பலருக்கு வருகிறது. அது வந்தபோது அடியார்கள் எப்படி நடந்தார்கள் என்று பார்த்தால் போதும்.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வாழ்ந்தவர் அதிபத்த நாயனார். வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விடுவது அவருடைய வழக்கம். ஒரு மீனே கிடைத்த நாட்களில் அதையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். அப்படி வாடியிருந்த காலத்தில் ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்று வலையில் வந்தது. அக்காலத்து லொத்தர்ப் பரிசு அதுவே எனலாம்! அன்றைக்கும் அகப்பட்டது ஒரு மீனே. “இது இறைவனுக்கு உரியது” என்று அதனையும் கடலில் விட்டார். வயிற்றுக்கு இல்லாத நாளிலும் பொன் வந்த நாளிலும் அவருடைய நியமம் ஒன்றாகவே இருந்தது.

திருக்கடவூரில் வாழ்ந்த குங்குலியக்கலய நாயனாரின் வரலாறு, பெற்ற செல்வத்தை வைத்துக்கொண்டவரின் வரலாறு. இறைவனுக்குக் குங்குலியத் தூபம் இடுவது அவர் தொண்டு. வறுமை முற்றி, அரிசி வாங்க மனைவியார் கொடுத்த தாலியையும் குங்குலியத்துக்கே கொடுத்தார். அன்றிரவே இறைவன் அருளால் வீடு முழுவதும் நெல்லும் பொன்னும் நிறைந்தன. அதற்குப் பின் அவர் தொண்டை நிறுத்தினாரா? இல்லை. அடியார்களுக்கு அமுது படைத்தார். தூபப் பணியையும் தொடர்ந்தார். திருப்பனந்தாளில் சாய்ந்திருந்த சிவலிங்கத்தை நிமிர்த்த, கயிற்றைத் தம் கழுத்தில் பூட்டி இழுத்தவரும் இவரே. காசு கொடுத்து ஆட்களை அமர்த்தும் வசதி அவருக்கு இருந்தது. இருந்தும் தம் உடம்பாலேயே இழுத்தார்.

திருப்புகலூரில் அப்பர் சுவாமிகள் உழவாரத்தால் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். முதுமைப் பருவம். உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னும்படி இறைவன் செய்தான். சுவாமிகள் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே கண்டு, உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார், பணியை விடவில்லை.

கைத்தொண்டின் பெருமையைக் காட்டும் இன்னொரு நிகழ்ச்சி திருவீழிமிழலையில் நடந்தது. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுதளிக்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு அளித்தான். அப்பர் பெற்ற காசு குறையின்றி மாறியது. சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைக்காரர் வட்டம் கழித்தனர். காரணம், அப்பர் உடலால் திருத்தொண்டு செய்பவர் என்பதே. சம்பந்தர் பதிகம் பாடியபின் அவருக்கும் நற்காசு கிடைத்தது. உழைத்த கைக்குத் தரும் மதிப்பை இறைவன் காசிலேயே காட்டினான்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். கோடி ரூபா பெற்றவர் பழைய சம்பள வேலையிலேயே இருந்தால், இல்லாத ஒருவரின் இடத்தை அல்லவா பிடித்துக்கொள்கிறார்? உண்மைதான். தேவையில்லாதவர் அந்தச் சம்பளத்தை இன்னொரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுப்பது தருமமே. விடத்தக்கது கூலி; விடக்கூடாதது உழைப்பு. மேசனாய் இருந்தவர் ஊர்ப் பிள்ளைகள் நால்வருக்குத் தொழில் பழக்கலாம். கமக்காரர் தரிசாய்க் கிடக்கும் வயலை விதைக்கலாம். ஆசிரியர் மாலையில் இலவசமாய்ப் பாடம் சொல்லலாம். சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான். திருத்தொண்டு என்பதே அதுதானே.

உலகியலிலும் இது பொருந்தும். சுவீடன் நாட்டில் லொத்தர்ப் பரிசு பெற்றோரைப் பற்றி 2017 இல் வெளியான ஆய்வொன்றில், அவர்களுடைய உழைப்பு வருமானம் ஓரளவே குறைந்தது என்று கண்டார்கள். பணம் வந்தவுடன் எல்லோரும் வேலையை எறிந்துவிடுவார்கள் என்ற எண்ணம் தவறானது.

அடியார்களில் பெரும்பாலானோருக்கு லொத்தர் விழப்போவதில்லை. ஆனால் உழையாமல் வரும் பணம் வேறு வழிகளிலும் வருகிறது. வெளிநாட்டில் அண்ணன் குளிரில் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு, அவருக்கு வியர்வை. ஊரில் வாங்கும் தம்பிக்கோ அது விழுந்த சீட்டு. அந்தக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கிச் சந்தியில் பொழுது போக்கும் இளைஞர்களை எந்த ஊரிலும் காணலாம். தோட்டக் காணியில் பற்றை வளர்கிறது. வாழைக்குலையைச் சந்தையில் வாங்குகிறார்கள். கோயில்களிலும் இதே நிலைதான். திருவிழா உபயத்துக்குப் பணம் தடையின்றி வருகிறது. வீதி கூட்டவும், சுவாமி காவவும், மடப்பள்ளியில் விறகு பிளக்கவும் ஆட்களைத் தேட வேண்டியிருக்கிறது. தேர் செய்யப் பணம் போதும். தேர் இழுக்கக் கைகள் வேண்டும்.

ஆகவே, பெரும் பணம் எந்த வழியில் வந்தாலும் முதலில் கடனைத் தீர்க்க வேண்டும். மீதியை வங்கியில் இட்டு, மனம் ஆறும்வரை பெரிய முடிவு எதனையும் எடுக்காதிருக்க வேண்டும். ஒரு பங்கைத் தருமத்துக்கு ஒதுக்க வேண்டும். அதன்பின், விடிந்தால் செய்வதற்கு மற்றவருக்குப் பயன்படும் வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். அந்த வேலை இல்லாத வீட்டில் குடியும் வழக்கும் உறவுப் பகையும் வந்து குந்திக்கொள்ளும்.

நவராத்திரியின் நிறைவில் ஆயுதபூசை செய்கிறோம். மண்வெட்டிக்கும் தராசுக்கும் தையல் இயந்திரத்துக்கும் பேனாவுக்கும் சந்தனம் வைத்துப் பூச்சாத்துகிறோம். அவை சோறு தந்த கருவிகள் மட்டுமல்ல, ஒருவரைச் சோம்பலிலிருந்து காத்த கருவிகளும் ஆகும். செல்வம் வந்த அன்றைக்கு அவற்றைப் பரணில் போடாதிருக்கும் மனத்தை எல்லோர்க்கும் எம்பெருமான் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.