வீடியோவைப் பாதியில் நிறுத்துங்கள்

2018-இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு அச்சாகி வந்தது. போனைக் காட்டினால் பாடத்துக்கான வீடியோ ஓடும். கரும்பலகையில் வரைந்த இதயம் துடிக்காது. திரையில் துடிக்கிறது, வால்வு திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிடப் பெரிய வரம், புரியாத இடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம் என்பது. வகுப்பில் கைதூக்கக் கூச்சப்படும் பிள்ளைக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. ஆசிரியர்களே, அந்த வீடியோவை வகுப்பிலேயே போட்டுக்காட்டுங்கள். நடுவில் நிறுத்தி, "இந்த வால்வு சரியாக மூடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஆளுக்கொன்று சொல்லட்டும், தப்பாகவே சொல்லட்டும். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.