ஸனத் இல்லாத செய்தி

கிழக்கிலங்கையில் கல்முனை, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கம் ஜும்ஆப் பிரசங்கத்தில் மௌலவி ஒரு ஹதீஸைச் சொன்னால், தொழுகை முடிந்ததும் யாராவது கேட்பார்கள்: "இது ஸஹீஹா, பலவீனமானதா?" ஸனதில், அதாவது அறிவிப்பாளர் வரிசையில், ஒருவர் பொய்யர் என்று தெரிந்தால் செய்தியையே தள்ளிவிடும் மரபு நம்முடையது. அப்படிக் கேட்டவரே பள்ளிவாசலைத் தாண்டுமுன் ஒரு குரல்பதிவை நாலு வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறார். யார் பேசியது, எந்த ஊர், எப்போது? ஒன்றும் தெரியாது. நபியின் பெயரால் வருவதற்கே ஸனத் கேட்பவர், பெயரே இல்லாதவன் சொன்னதற்குக் கேட்காமல் விடுவது எந்த நியாயம்?

பொய் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, ஆண்களை மலடாக்கும் மாத்திரை கலந்திருப்பதாகச் சிலர் கூச்சலிட்டார்கள். சிங்களம் சரியாக விளங்காத காசாளர் மிரண்டுபோய் ஆமென்று தலையாட்டினார். அந்த வீடியோ பேஸ்புக்கில் ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பிறகு சொன்னது. சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. ஒரு டாக்டரைக் கேட்டிருந்தால் போதும். பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

பகிர்ந்தவர்களின் குற்றம் பாதி. பொய் தடையின்றிப் பரவும்படி கருவியை அமைத்தவர்களின் குற்றம் மீதி. வேறு மாதிரியும் அமைக்கலாம் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. 2004 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அப்போது கணினித் துறைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். யாரைக் காணவில்லை, எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே என்ன உதவி செய்கிறது என்பதெல்லாம் ஒரே பொதுப் பதிவேட்டில் சேர்ந்தன. தவறான பதிவை ஓரிடத்தில் திருத்தினால், பிறகு பார்க்கும் அத்தனை பேருக்கும் திருத்தியதே தெரியும். 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010 ஹெய்ட்டி பூகம்பத்துக்கும் அதே மென்பொருள் போய் உதவியது.

வட்ஸ்அப் இதற்கு நேர்மாறு. அங்கே செய்தி ஆயிரம் பிரதிகளாகப் பிரிகிறது. மறுப்பு அத்தனை இடத்துக்கும் போய்ச் சேர்வதில்லை. 2019இல் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தினார்கள். பலமுறை பகிரப்பட்டதை ஒரு தடவைக்கு ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020இல் இறுக்கினார்கள். வேகம்தான் குறைந்தது. சொன்னவன் யார் என்பது இன்றும் தெரியாது.

மூலத்தைக் காட்டும்படி நிறுவனத்தைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமே என்பார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். அந்தத் திறப்பு முதலில் அரசின் கைக்குத்தான் போகும். பயந்து பயந்து உண்மை சொன்ன ஏழைதான் முதலில் அகப்படுவார். சிறுபான்மையாக வாழும் நமக்கு இது விளங்காததல்ல.

ஆகவே ஒழுங்கைக் குழுவே வைத்துக்கொள்ள வேண்டும். ஜனாஸா அறிவித்தல், மீனவர் சங்கம், பள்ளி நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் என்று ஊர் வேலை முழுவதும் இன்று குழுக்களில்தான் நடக்கிறது. அட்மின்களே, இன்றே எழுதிப் போடுங்கள்: சொன்னவர் பெயரும் இடமும் நேரமும் இல்லாத செய்தி இங்கே நிற்காது. பொய்யென்று தெரிந்தால், அனுப்பியவர் தான் அனுப்பிய ஒவ்வொரு குழுவிலும் தன் பெயரோடு மறுப்புப் போட வேண்டும். கேள்வி கேட்பவரைக் குழுவிலிருந்து நீக்கக் கூடாது.

அயலிலுள்ள தமிழ் ஊர்களான காரைதீவையோ பாண்டிருப்பையோ பற்றி ஸனத் இல்லாத ஒரு குரல்பதிவை அனுப்புகிற நம்மவரும், அம்பாறையில் அந்த வீடியோவைப் பரப்பியவரும் செய்தது ஒரே குற்றம்.