முதல் சுற்றின் முறுக்கு

கம்பளி நூலில் குல்லாவை வட்டமாகப் பின்னும் வேலை ஒரே ஓர் எச்சரிக்கையோடு தொடங்குகிறது: போட்ட கண்ணிகள் முறுக்கிக்கொள்ளாமல் இரண்டு முனைகளையும் இணைக்க வேண்டும். 56 செ.மீ. சுற்றளவுள்ள தலைக்கு, நடுத்தரத் தடிமன் கொண்ட நூல் ஏறக்குறைய 100 கிராம் போதும். 40 செ.மீ. நீள வட்ட ஊசி ஒன்று வேண்டும். மெல்லிய வடத்தால் இணைந்த இரண்டு குட்டை ஊசிகள்தாம் அந்த வட்ட ஊசி. அதில் 96 கண்ணிகள் போட்டு, எல்லாக் கண்ணிகளின் அடிவிளிம்பும் வட்டத்தின் உள்பக்கம் பார்த்திருக்கும்படி ஒழுங்குசெய்து, கடைசிக் கண்ணிக்குப் பக்கத்தில் முதல் கண்ணியைக் கொண்டுவந்து பின்னத் தொடங்க வேண்டும். விளிம்பு எங்கேனும் ஓரிடத்தில் வடத்தை ஒருமுறை சுற்றிக் கிடந்தாலும் முழுத் துணியும் முறுக்கோடுதான் வளரும். முதல் சுற்று முடியும்வரை இதைத் திருத்தலாம். இணைத்த இடத்தில் உள்ள ஒற்றை இழையிலேயே முறுக்கைத் திருப்பிவிட முடியும். இரண்டாம் சுற்றின் முதல் கண்ணி விழுந்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குன்னூரில் ஒரு மார்கழி மாலையில், இந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த முறுக்கு நேர்ந்தது. கற்பித்தவர் பக்கத்து வீட்டில் வசித்த, ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை. கற்றவர் 96 கண்ணிகள் போட்டார், இணைத்தார், முதல் சுற்றை முடித்தார். அப்போது டீச்சரின் ஆள்காட்டி விரல் அந்த விளிம்பை நோக்கி நீண்டது. தொடுவதற்கு ஓர் அங்குலம் இருக்கையில் நின்றது. பிறகு திரும்பிப்போய் மடியில் இருந்த நூலுருண்டையின் மேல் அமர்ந்தது. கற்றவர் அதைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு சுற்றுகள், அதாவது 1,152 கண்ணிகள் ஆனபிறகுதான் துணி ஓரிடத்தில் புரண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது.

“டீச்சர், முதல்லயே பாத்தீங்களா?”

“பாத்தேன்மா.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“பிரிச்சுடு. நூல் வீணாகாது.”

அதற்கு மேல் பேச்சில்லை. பிரிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நூல் உண்மையிலேயே வீணாகவில்லை. ஒரு மாலை நேரம் போனது. அதுவும் பெரிய இழப்பல்ல. ஆனால் நீண்டு நின்று திரும்பிய அந்த விரல், ஆண்டுகள் கடந்தும் கற்றவரின் மனத்தை விட்டு அகலவில்லை.

முறுக்கு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. முதல் சுற்றில் துணி என்று எதுவும் இருப்பதில்லை. கயிறு போன்ற மெல்லிய விளிம்பு மட்டுமே இருக்கும். அது தன்னியல்பாகவே வடத்தைச் சுற்றிப் புரளும். புரண்ட விளிம்பும் புரளாத விளிம்பும் புதியவரின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். அதனால்தான் ஊசியை மேசைமேல் கிடத்தி, விளிம்பு முழுவதையும் விரலால் வருடிப் பார்த்துவிட்டு இணைக்கச் சொல்வார்கள். சிலர் முதல் இரண்டு மூன்று வரிசைகளைத் தட்டையாகவே பின்னிவிட்டுப் பிறகு இணைப்பார்கள். அந்த அளவு அகலம் வந்துவிட்டால் முறுக்கு ஒளிய முடியாது. கீழே எஞ்சும் சிறு பிளவைத் தொடக்கத்தில் விட்ட நூல் வாலால் தைத்துவிடலாம். டீச்சருக்கு இவை எல்லாம் தெரியும். அந்த மாலையில் அவர் இவற்றில் எதையும் சொல்லவில்லை.

கற்றவரின் கவனமும் வேறிடத்தில், ரிப் பின்னலின் எண்ணிக்கையில் இருந்தது. ரிப் என்பது இரண்டு வகைக் கண்ணிகள் மாறி மாறி வரும் பின்னல். நூலைப் பின்னால் வைத்துப் பின்னினால் நிட் கண்ணி. முன்னால் வைத்துப் பின்னினால் பர்ல் கண்ணி. இரண்டும் ஒரே கண்ணிதான்: ஒன்று அதன் முகம், மற்றது அதன் முதுகு. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 96 கண்ணிகளும் நான்கு நான்காகப் பிரியும். வட்டப் பின்னலில் துணியின் வெளிப்பக்கம் எப்போதும் பின்னுபவரைப் பார்த்தே இருப்பதால், நிட்டின் மேல் நிட், பர்லின் மேல் பர்ல் என்று போய்க்கொண்டே இருக்கலாம். நிட் நிரல்கள் முன்னே புடைக்கும். பர்ல் நிரல்கள் பின்னே பதுங்கும். துணி விசிறிபோல் மடிந்து சுருங்குவதும், தலையில் ஏறும்போது விரிந்து பிடிப்பதும் இதனால்தான். ஆனால் இந்த வரிகள் தெளிவாகத் தெரிய நான்கைந்து சுற்றுகளாவது ஆகும். அதுவரை புதியவர் நம்புவது எண்ணிக்கையை மட்டுமே. இரண்டு, இரண்டு, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்த அந்த வேளையில்தான் விரல் வந்து திரும்பியது. டீச்சர் பேசியிருந்தால் எண்ணிக்கை தவறியிருக்கும். அவர் பேசாததற்கு அது ஒன்றே காரணமா? அப்படியானால் சுற்று முடிந்ததும் சொல்லியிருக்கலாம். சுற்று முடிந்த பிறகுதானே விரல் நீண்டது?

இந்த இடத்திற்கு வந்ததும் கற்றவரின் நினைவு பாட்டியின் வாசலுக்குப் போய்விடும். சிக்குக் கோலத்தில் முதலில் புள்ளிகள். பிறகு அவற்றைச் சுற்றிவரும் கம்பி. கம்பி தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும், வளைய வேண்டிய இடத்தில் நேரே போனாலும், கடைசியில் கோடு சேராது. சிறுமி புள்ளியைத் தப்பாக வைத்த நொடியே, மாவு படிந்த பாட்டியின் ஆள்காட்டி விரல் வந்துவிடும். தப்பான புள்ளியைப் புறங்கையால் அழித்து, சரியான இடத்தில் அந்த விரலே புள்ளி வைக்கும். அந்த வாசலில் ஒரு கோலம்கூட முடியாமல் நின்றதில்லை. ஆனால் பாட்டி போன பிறகு, அந்தச் சிறுமியால் ஏழு புள்ளிக் கோலத்தைத் தனியாகப் போட முடியவில்லை. எங்கே தவறும் என்று அவள் கைக்குத் தெரியாது. தவறவிடாமல் காத்த விரல் பாட்டியுடையது. பாட்டியின் விரலும் டீச்சரின் விரலும் ஒரே அன்பால் நீண்டவையாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று தொட்டது, மற்றது திரும்பிவிட்டது.

பள்ளியில் எப்போதோ படித்த மோபியஸ் பட்டையும் இதனோடு நினைவுக்கு வரும். நீண்ட காகிதப் பட்டையை அரைச்சுற்று முறுக்கி முனைகளை ஒட்டினால், ஒரே பக்கமும் ஒரே விளிம்பும் கொண்ட வடிவம் கிடைக்கும். 1858இல் மோபியஸ், லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். முறுக்கிய குல்லாவையும் மோபியஸ் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஊசியில் உள்ள மேல்விளிம்பு மேல்விளிம்போடுதான் சேர்கிறது; ஆகவே நேர்வது அரைச்சுற்று அல்ல, முழுச்சுற்று முறுக்கு. அதற்கு வழக்கம்போல் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பும் உண்டு. கணித வியப்பு எதுவும் அதில் இல்லை. கழுத்தில் சுற்றும் துணியானால் அந்த முறுக்கு அழகாகக்கூட அமையும். குல்லாவானால் தலையில் படியாது. பிழையிலும் ஒரு புதுமை கிடைத்தது என்று ஆறுதல் சொல்ல இங்கே இடமில்லை. அப்படியிருக்க, முன்பே கண்டவர் ஏன் காத்திருந்தார் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

வட்டப் பின்னலின் பழைய சித்திரம் ஒன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாஸ்டர் பெர்ட்ராமின் பட்டறையில் உருவான புக்ஸ்டஹூட பலிபீட ஓவியங்களில் அது ஒன்று. மரியாள் அமர்ந்து, பல ஊசிகளில் ஒரு சிறு சட்டையை வட்டமாகப் பின்னுகிறாள். கீழே குழந்தை இயேசு. பக்கத்தில் வானதூதர் இருவர் சிலுவையும் ஈட்டியும் முள்முடியும் ஏந்தி வந்து நிற்கிறார்கள். குழந்தை அவர்கள் பக்கம் திரும்புகிறது. தாயின் விரல்களோ ஊசிகளிலேயே இருக்கின்றன. வரப்போவது அருகில் வந்து நிற்கும்போதும் தடுக்க எழாமல் பின்னிக்கொண்டிருக்கும் அந்தக் கைகள், கற்றவருக்குக் குன்னூர் மாலையை நினைவூட்டுகின்றன. தையலே இல்லாத ஒரு சட்டையைக் காலத்தோடு முடித்துக் கொடுப்பது மட்டுமே தன் கையில் இருக்கிறது என்று அந்தத் தாய் எண்ணியிருக்கலாம். ஆனால் சிலுவை தடுக்க முடியாதது. முதல் சுற்றின் முறுக்கு தடுக்கக்கூடியது. ஒப்பீடு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

சொல்வதா, காத்திருப்பதா என்ற கேள்விக்கே இயந்திரத்தில் இடமில்லை. மார்க் பிரூனல் 1816இல் இங்கிலாந்தில் வட்டப் பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று திருப்பூரில் பனியன் துணியைக் குழாயாக இறக்கும் இயந்திரங்களும் வட்டமாகப் பின்னுபவையே. பனியன் கழுத்தில் வரும் ரிப்பும் இதே நிட், பர்ல் கண்ணிகளின் வேலைதான். அந்த இயந்திரங்களில் ஊசிகள் உருளையைச் சுற்றித் தத்தம் இடத்திலேயே இருப்பதால் தொடக்க முறுக்கு நேர்வதில்லை. அந்தப் பிழை கைவேலைக்கு மட்டுமே உரியது. பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் இன்னொருவரும் கைவேலைக்கு மட்டுமே உரியவர்.

முறுக்கைப் பிரித்த அன்றிரவே கற்றவர் மறுபடி 96 கண்ணிகள் போட்டார். இந்த முறை விளிம்பை மூன்று தடவை வருடிப் பார்த்தார். விளிம்பை மடித்துவிட ஏதுவாக 25 செ.மீ. உயரம் வரை ரிப் வளர்ந்தது. பிறகு உச்சி. ஒவ்வொரு பர்ல் இணையையும் ஒன்றாக்கியதில் 96 கண்ணிகள் 72 ஆயின. நிட் இணைகளை ஒன்றாக்கியதில் 48. அடுத்த குறைப்புகளில் 24, 12. வட்டம் சிறுத்ததும் வேலை குட்டையான இருமுனை ஊசிகளுக்கு மாறியது. கடைசிப் பன்னிரண்டு கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து இறுக்கியதும் குல்லா முடிந்தது. டீச்சர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, விளிம்பை ஒருமுறை ஆள்காட்டி விரலால் வருடினார். எதுவும் சொல்லவில்லை.

இன்று கற்றவரே சிலருக்குக் கற்பிக்கிறார். ஒரு பெண்ணின் முதல் சுற்றில் முறுக்கைக் கண்டதும் உடனே சொன்னார். அவள் திருத்திக்கொண்டாள், அடுத்த குல்லாவிலும் அவரிடமே காட்டிக் கேட்டாள். இன்னொருத்தியிடம் சொல்லாமல் இருந்தார். அவள் எட்டாம் சுற்றில் தானே கண்டுபிடித்து, பிரித்து வைத்துவிட்டு, மறுவாரம் வரவில்லை. எது சரி என்பது அவருக்கு இன்னும் தெளியவில்லை. ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லிவிடலாம். ஆனால் எதிரில் இருப்பவர் எந்த ஆள் என்று முதல் சுற்றிலேயே தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் விரல் நீள்கிறது, ஓர் அங்குலம் முன்னே நிற்கிறது. முதல் சுற்றின் கடைசிக் கண்ணிக்கும் இரண்டாம் சுற்றின் முதல் கண்ணிக்கும் நடுவே, முடிவெடுக்கக் கிடைப்பது இரண்டொரு நொடிதான்.